ஓட்டல் அறை மேசைக்குள் இருக்கும் பைபிள்: யார் வைக்கிறார்கள், வைக்கலாமா?

செந்தில்_கரூர்

போன பிப்ரவரியில் கம்பெனி வேலையாக அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குப் போயிருந்தேன். சீஸ் பேக்கிங் மெஷின் ஒன்றைப் பொருத்தி, ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். ஆறு வாரம். மேடிசன் நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு சின்ன மோட்டலில் தங்கியிருந்தேன். சுற்றிலும் பனி. பேச ஆள் கிடையாது.

மூன்றாவது வாரம் ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு அண்ணன் போன் செய்தான். ஊரில் அப்போது பகல் ஒன்றரை. அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். "ஆஞ்சியோவுக்கு உள்ளே கொண்டு போகிறார்கள், முடிந்ததும் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிட்டான். விமானம் எப்போது இருக்கிறது என்று குறித்துக்கொள்ளக் காகிதம் தேடி, கட்டில் பக்கத்து மேசை டிராயரைத் திறந்தேன். அதற்குள் ஒரு பைபிள். கெட்டி அட்டை, அதில் இரண்டு கைப்பிடி வைத்த ஜாடியும் அதிலிருந்து எழும் தீயும் அச்சிட்ட சின்னம்.

முதல் பக்கங்களில் ஒரு பட்டியல் இருந்தது. பயமாக இருக்கிறதா, தனியாக இருக்கிறாயா, கவலையா, உடம்பு சரியில்லையா என்று வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எந்தப் பகுதியைப் படிக்கலாம் என்று குறிப்பு. வீட்டை விட்டுப் பிரிந்திருக்கும்போது என்பதற்கு நேராகச் சங்கீதம் 121 என்று போட்டிருந்தது. எடுத்துப் படித்தேன். எட்டே வசனம். நான் கிறிஸ்தவன் கிடையாது. சைவக் குடும்பம், அப்பா குளித்துத் திருநீறு பூசிப் பதிகம் பாடாமல் காபியைத் தொட மாட்டார். ஆனாலும் அந்த எட்டு வசனத்தை அண்ணன் மறுபடி கூப்பிடும் வரை மூன்று நான்கு தடவை படித்தேன். மூன்றரை மணிக்குப் போன் வந்தது. ஸ்டென்ட் வைத்தாகிவிட்டது, பயமில்லை என்றான்.

காலையில் மோட்டல் முதலாளியிடம் இதை யார் வைத்தது என்று கேட்டேன். அவர் குஜராத்தி, ரிசப்ஷனில் சுவாமி நாராயணர் படம் மாட்டி வைத்திருப்பவர். உள்ளூர்ப் பெரியவர்கள் சிலர் அவ்வப்போது வந்து, கிழிந்து போனதை எடுத்துவிட்டுப் புதிது வைத்துவிட்டுப் போவார்கள், ஒரு டாலர் கேட்டதில்லை, தங்குகிறவர் தேடினால் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன் என்றார். அமெரிக்க ஓட்டல்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள், அதிலும் குஜராத்திகள் கையில் இருக்கின்றன. அத்தனை மேசைகளிலும் இந்தப் புத்தகம் இருக்கிறது என்றால் அதில் நம் ஆட்களின் சம்மதமும் சேர்ந்திருக்கிறது.

இதை வைக்கிறவர்கள் கிதியோன்கள் என்ற கிறிஸ்தவச் சங்கத்தார் என்றும், அவர்கள் கதை தொடங்கிய பாஸ்கோபெல் என்ற ஊர் அங்கிருந்து ஒன்றரை மணி நேரம் என்றும் தெரிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். விஸ்கான்சின் ஆற்றங்கரையில் சின்ன ஊர். அந்தக் கதை தொடங்கிய ஓட்டலின் பழைய கல் கட்டடம் இன்னும் நிற்கிறது.

நான் கேட்க வந்தது இதுதான். அன்று ராத்திரி அந்தப் புத்தகம் எனக்கு உதவியாக இருந்தது. ஆனால் அதே நேரத்தில் ஒருவர் கதவைத் தட்டி அதே புத்தகத்தை என் கையில் கொடுத்திருந்தால் எனக்குக் கோபம்தான் வந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் என்ன வித்தியாசம்? நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ரெப்_பழனிவேல்

பதினான்கு வருடம் மெடிக்கல் ரெப்பாக இருந்தவன் நான். தேனி, கம்பம், செங்கோட்டை, தென்காசி என்று மாதத்தில் பன்னிரண்டு நாள் லாட்ஜில்தான். டாக்டர் கடைசியாக நம்மை உள்ளே விடும்போது ராத்திரி பத்து மணி ஆகியிருக்கும். பரோட்டா சாப்பிட்டுவிட்டு அறைக்கு வந்தால் டிவியில் பாதி சேனல் தெரியாது. மேசையைத் திறந்தால் பாதி எரிந்த கொசுவர்த்திச் சுருள், யாரோ விட்டுப்போன பஸ் டிக்கெட். நான்கு சுவர் நம்மைப் பார்க்கும், நாம் அதைப் பார்ப்போம். அந்த நேரத்தில் பலருக்குக் கை பாட்டில் பக்கம் போகும், எனக்கும் போயிருக்கிறது.

அதனால் இந்த வேலையை ஆரம்பித்தவர்கள் ஊர் ஊராகச் சுற்றிய விற்பனைக்காரர்கள் என்று படித்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை. அறையின் வெறுமை அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மார்த்தாண்டம்_தாத்தா

செந்தில் தம்பி, உங்கள் அப்பா நலமாக இருப்பது கேட்டு சந்தோஷம். நான் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இருபத்திரண்டு வருடமாகக் கிதியோன் ஊழியத்தில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

1898 செப்டம்பர் 14. ஜான் நிக்கல்சன் என்ற விற்பனைப் பிரதிநிதி பாஸ்கோபெலில் சென்ட்ரல் ஹவுஸ் என்ற ஓட்டலுக்கு வருகிறார். கூட்டம் அதிகம், தனி அறை கிடையாது. சாமுவேல் ஹில் என்ற இன்னொரு பிரதிநிதியோடு 19-ம் எண் அறையில் படுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். முன்பின் தெரியாத ஆட்கள். தூங்கும் முன் வேதம் வாசிப்பது என் வழக்கம், விளக்கு கொஞ்ச நேரம் எரிந்தால் பரவாயில்லையா என்று நிக்கல்சன் கேட்க, நானும் விசுவாசிதான், சத்தமாகவே வாசியுங்கள் என்கிறார் ஹில். இரண்டு பேரும் சேர்ந்து ஜெபம் செய்துவிட்டுப் படுக்கிறார்கள். நம்மைப் போல ஊர் சுற்றுகிறவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தால் என்ன என்ற பேச்சு அங்கே பிறந்தது.

அடுத்த வருடம் ஜூலை 1-ம் தேதி ஜேன்ஸ்வில் ஊரில் கூட்டம் போட்டார்கள். வந்தது மூன்றே பேர். இவர்கள் இருவரும், வில் நைட்ஸ் என்பவரும். அவர்தான் கிதியோன் என்ற பெயரைச் சொன்னவர். நியாயாதிபதிகள் புத்தகத்தில் வருகிற கிதியோன், முந்நூறு பேர் கையில் எக்காளமும், வெறும் பானையும், பானைக்குள் தீவட்டியும் கொடுத்துப் போருக்குப் போனவர். நீங்கள் அட்டையில் பார்த்தது அந்தப் பானையும் தீயும்தான், தம்பி.

பைபிள் வைக்கும் யோசனை உடனே வரவில்லை. ஒன்பது வருடம் கழித்து, 1908 நவம்பரில், மொன்டானா மாநிலத்தில் சுப்பீரியர் என்ற ஊரின் ஓட்டல் ஒன்றில் 25 பிரதிகள் வைத்தார்கள். அதுதான் முதல். அப்புறம் ஆஸ்பத்திரி, சிறை, ராணுவம், கல்விக்கூடம் என்று விரிந்தது. 2015-ல் இருநூறாவது கோடிப் பிரதியைத் தாண்டினார்கள். தலைமையகம் டென்னசி மாநிலத்து நாஷ்வில்லில் இருக்கிறது.

உள்ளூர்க் குழுவைக் கேம்ப் என்போம். சேர வேண்டுமானால் சொந்தத் தொழிலோ நல்ல உத்தியோகமோ உள்ள ஆணாக இருக்க வேண்டும், சபைப் போதகர் சிபாரிசு செய்ய வேண்டும். மனைவிமார்களுக்குத் தனிப் பிரிவு. சபைகளில் ஞாயிறு ஆராதனையில் ஐந்து நிமிஷம் பேசுவோம், காணிக்கை தருவார்கள். அந்தக் காணிக்கை புத்தகத்துக்கு மட்டும். நிர்வாகச் செலவு எங்கள் சந்தாவிலிருந்து. நான் ஊழியத்துக்குப் போகும் பஸ் காசு கூட என் பையிலிருந்துதான்.

லாட்ஜுக்குப் போனால் முதலில் மேனேஜரைப் பார்ப்போம். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி வந்துவிடுவோம். சரி என்றால் ரூம்பாய் சாவிக்கொத்தோடு கூட வருவான், அறை அறையாக வைப்போம். சில வருடம் கழித்துப் போய்ப் பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைப்போம். யாராவது எடுத்துக்கொண்டு போயிருந்தால் திருட்டு என்று நினைப்பதில்லை. போன இடத்தில் இருக்கட்டும்.

பழையதைத் திரும்ப எடுக்கும்போது நான் ஒவ்வொன்றையும் புரட்டிப் பார்ப்பேன். தென்காசிப் பக்கம் ஒரு லாட்ஜில் எடுத்த பிரதி ஒன்று இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. கடைசி வெற்றுப் பக்கத்தில் குற்றாலம் பஸ் நேரம் எழுதியிருக்கிறது. கீழே ஒரு குழந்தை யானை வரைந்திருக்கிறது, தும்பிக்கை இரண்டு. அதற்கும் கீழே வேறொரு கை, நீலப் பேனாவில், "அம்மா ஆபரேஷன் 11 மணி. டோக்கன் 46" என்று எழுதியிருக்கிறது. அந்த அம்மாவுக்காகப் பெயர் தெரியாமலே இன்று வரை ஜெபிக்கிறேன்.

மணப்பாறை_அப்பா

எல்லாரும் உருக்கமாக எழுதுகிறீர்கள். எனக்கு நடந்ததையும் கேளுங்கள்.

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது பள்ளி விட்டு வரும் வழியில், கேட்டுக்கு வெளியே, இரண்டு பேர் நின்று பிள்ளைகள் கையில் சின்னப் புத்தகம் கொடுத்திருக்கிறார்கள். புதிய ஏற்பாடு. வாங்க மாட்டேன் என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. பெரியவர்கள் கொடுத்தால் வாங்கி நன்றி சொல்ல வேண்டும் என்று நாங்கள்தானே பழக்கியிருக்கிறோம். வீட்டுக்கு வந்து காட்டினாள். கடைசிப் பக்கத்தில் இயேசுவை என் இரட்சகராக ஏற்றுக்கொள்கிறேன் என்று போட்டு, பெயருக்கும் தேதிக்கும் கோடு போட்டிருந்தது. அவள் புதுப் புத்தகம் எது வந்தாலும் பெயர் எழுதுவது போல அதில் தன் பெயரை எழுதி வைத்திருந்தாள்.

என் அம்மா அதைப் பார்த்து அழுதுவிட்டார். இரண்டு நாள் வீட்டில் சரியான பேச்சு இல்லை. பன்னிரண்டு வயதுக் குழந்தையிடம், பெற்றவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், கையெழுத்துப் போடும் கோடு வைத்த புத்தகத்தைக் கொடுக்கலாமா? செந்தில் சார் நாற்பது வயது ஆள், மேசையைத் திறந்தார், படித்தார், மூடினார். என் மகளுக்கு மூடி வைக்க மேசை இருந்ததா?

வக்கீல்_தங்கம்_மதுரை

மணப்பாறை அண்ணா கேட்ட அதே கேள்வி அமெரிக்காவில் எழுபது வருடம் முன்பே கோர்ட்டுக்குப் போயிருக்கிறது. நியூ ஜெர்சியில் ரதர்ஃபோர்டு என்ற ஊரில், ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்கும் பிள்ளைகளுக்குப் புதிய ஏற்பாட்டோடு சங்கீதமும் நீதிமொழிகளும் சேர்ந்த பிரதியைத் தரக் கிதியோன்கள் பள்ளி வாரியத்திடம் அனுமதி கேட்டார்கள். வாரியம் சம்மதித்தது. பெற்றோர் கையெழுத்திட்ட சீட்டு கொண்டு வரும் பிள்ளைக்கு மட்டும், அதுவும் வகுப்பு முடிந்த பிறகு என்று நிபந்தனை எல்லாம் வைத்தார்கள். அப்படியும் ஒரு யூதத் தகப்பனும் ஒரு கத்தோலிக்கத் தகப்பனும் வழக்குப் போட்டார்கள்.

1953-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்த விநியோகம் செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் தலைமை நீதிபதி வான்டர்பில்ட். கிதியோன்கள் தர இருந்த கிங் ஜேம்ஸ் பதிப்பு என்ற ஆங்கில மொழிபெயர்ப்பு புராட்டஸ்டண்டு சபைகளின் பதிப்பு, கத்தோலிக்கர் அதை ஏற்பதில்லை, புதிய ஏற்பாடு யூதருக்கு வேதமே இல்லை, எனவே அரசுப் பள்ளி இதற்கு இடம் கொடுத்தால் ஒரு தரப்பைத் தூக்கிப் பிடிப்பதாகும் என்பது ஒரு காரணம். இன்னொன்று, மனநல நிபுணர்கள் வந்து சொன்ன சாட்சியம். சீட்டு கொண்டு வராத பிள்ளை வகுப்பில் தனித்துத் தெரியும், அந்தப் பிள்ளை மேல் விழும் அழுத்தத்துக்குப் பெற்றோர் கையெழுத்து மருந்து ஆகாது என்றார்கள். வழக்கில் ஒரு பக்கம் பைபிளையே உயிராக நினைக்கிற கத்தோலிக்கர் நின்றார் என்பதைக் கவனியுங்கள்.

செந்தில் அண்ணா கேட்ட வித்தியாசத்துக்கு நேரடியாகப் பதில் தருவது மேற்கு வர்ஜீனியாவில் அப்ஷர் என்ற கவுன்டியின் வழக்கு, 1998. உள்ளூர்க்காரர்கள் சிலர் வருடத்தில் ஒரு நாள் பள்ளியில் ஒரு மேசை போட்டு அதில் பைபிள் வைக்க அனுமதி வாங்கினார்கள். வேண்டுகிறவர் எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு அட்டை. பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது, யாரும் கையில் கொடுக்கக் கூடாது. உயர்நிலைப் பள்ளியில் இது சரி, சின்னப் பிள்ளைகள் படிக்கும் தொடக்கப் பள்ளியில் கூடாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் பிரித்துச் சொன்னது. மேசைக்கும் கைக்கும் நடுவில் கோடு போட்டார்கள், அதற்குள் வயதுக்கு ஒரு கோடு.

நம் நாட்டில் அரசியல் சட்டம் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. ஸ்டெயின்ஸ்லாஸ் வழக்கில் 1977-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, தன் மதக் கொள்கையை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், ஆனால் இன்னொருவரை மதம் மாற்றுவது ஓர் உரிமை ஆகாது என்று. 28(3) இன்னும் நேராகப் பேசுகிறது: அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்விக்கூடத்தில் மைனர் பிள்ளையை மத போதனையில் சேர்க்கக் காப்பாளரின் சம்மதம் வேண்டும். பள்ளி கேட்டுக்கு வெளியே ரோட்டில் நின்று புத்தகம் கொடுப்பதை இந்தப் பிரிவு தடுக்காது. ஆனால் அந்தச் சம்மதம் ஏன் கேட்கப்படுகிறது என்று யோசித்தால், ரோட்டில் நிற்கிறவரும் தகப்பனைக் கேட்டுக்கொள்வதுதான் முறை என்பது என் அபிப்பிராயம்.

கிள்ளான்_மணியம்

வணக்கம். நான் மலேசியா. ஓட்டல் ரிசப்ஷனில் பதினொரு வருஷம்.

எங்கள் ஊர் ஓட்டல் அறையில் மேல் கூரையிலோ டிராயருக்குள்ளோ ஒரு அம்புக்குறி ஒட்டியிருக்கும். கிப்லாட். மக்கா இருக்கும் திசை. முஸ்லிம் விருந்தாளிக்குத் தொழ வசதி. அதே டிராயரில் பல ஓட்டல்களில் கிதியோன் பைபிளும் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அம்புக்குறியும் புத்தகமும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்திருக்கின்றன, ஒருவரும் வந்து புகார் சொன்னது கிடையாது.

பெரிய சிக்கல் வந்தது வேறு இடத்தில். 2011-ல் கிதியோன்கள் இறக்குமதி செய்த 30,000 மலாய் மொழி பைபிள்களைக் கூச்சிங் துறைமுகத்தில் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் கிள்ளான் துறைமுகத்தில் பைபிள் சங்கத்தின் 5,000 பிரதிகள் 2009-லிருந்தே கிடந்தன. விடுவிக்கிறோம் என்று சொல்லி, கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று பொருள்படும் முத்திரையும் வரிசை எண்ணும் குத்தினார்கள். வேதப் புத்தகத்தின் மேல் இப்படி முத்திரை குத்தலாமா என்று சபைகள் வருத்தப்பட்டன. ஏப்ரலில் அரசாங்கம் பத்து அம்சத் தீர்வு என்று ஒன்றைக் கொண்டு வந்து, எல்லா மொழியிலும் பைபிள் வரலாம் என்றது. தமிழ், சீனம், ஆங்கிலப் பைபிள்களுக்கு இந்தத் தொல்லை வந்ததில்லை. கடவுளுக்கு மலாய்ப் பைபிளில் அல்லா என்ற சொல் இருப்பதுதான் விவகாரம். சரவாக், சபாவில் இருக்கும் கிறிஸ்தவர்களுக்கு அதுதான் தலைமுறை தலைமுறையாக ஜெபிக்கும் மொழி.

ஓட்டலில் ஆங்கிலப் புத்தகம் எத்தனை வருஷம் கிடந்தாலும் பேச்சில்லை, பக்கத்து வீட்டுக்காரர் பேசும் மொழியில் வந்தவுடன் கப்பலிலேயே நிறுத்திவிட்டார்கள். செந்தில் அண்ணே, மேசையா கையா என்று மட்டும் பார்க்காமல், யார் பாஷையில் என்றும் பார்க்க வேண்டும்.

லண்டன்_வாசுகி

இங்கே பிரிட்டனில் டிராவலாட்ஜ் ஓட்டல்கள் 2014-ல் அறைகளிலிருந்து பைபிளை எடுத்துவிட்டன. எந்த மதத்தாருக்கும் பாகுபாடு தெரியக் கூடாது என்றார்கள். வேண்டும் என்றால் ரிசப்ஷனில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கேட்க நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, அழுத முகத்தோடு, கீழே இறங்கிப் போய் ஒரு பைபிள் கொடுங்கள் என்று யாராவது கேட்பார்களா? செந்தில் கேட்டிருப்பாரா? அவர் காகிதம் தேடித்தானே திறந்தார்.

சிஸ்டர்_ரோஸ்

நான் கிறிஸ்தவள். நர்ஸிங் முடித்து விளக்கேற்றும் விழாவில் எனக்கும் ஒரு வெள்ளை அட்டைப் புதிய ஏற்பாடு கிதியோன்கள் கையால் கிடைத்தது. இன்றும் டூட்டிப் பையில் இருக்கிறது. அதனால் நான் எழுதப் போவதை மார்த்தாண்டம் ஐயா தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

முன்பு வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில் பெண்கள் சர்ஜரி வார்டு. சாயங்கால விசிட்டிங் நேரத்தில் இரண்டு பேர் வந்து கட்டில் கட்டிலாகப் புத்தகம் கொடுத்து, நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். நல்ல மனிதர்கள், குரல் கூட உயர்த்தவில்லை. ஒன்பதாம் கட்டிலில் ஒரு பாட்டி, மறுநாள் கர்ப்பப்பை ஆபரேஷன். எழுதப் படிக்கத் தெரியாதவர். புத்தகத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் பி.பி. பார்க்கப் போனபோது மெதுவாகக் கேட்டார்: "கண்ணு, இதை வாங்காட்டி நாளைக்கு எனக்கு ஆபரேசன் பண்ண மாட்டாங்களா?"

எனக்கு அந்த இடத்திலேயே தொண்டை அடைத்துவிட்டது. கொடுத்தவர்கள் அப்படி நினைக்கவே இல்லை. ஆனால் கட்டிலில் படுத்திருக்கிறவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு வார்டுக்குள் வருகிற எல்லாரும் ஆஸ்பத்திரிக்காரர்கள்தான். காலையில் ரத்தம் எடுத்தவர், மதியம் கையெழுத்து வாங்கியவர், சாயங்காலம் புத்தகம் கொடுத்தவர், எல்லாரும் ஒன்று. வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவரிடம் சம்மதம் கேட்பதை எப்படிச் சம்மதம் என்பது?

அந்தப் பாட்டியிடம் பக்கத்தில் உட்கார்ந்து, அதுக்கும் ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை ஆயா என்று சொன்னேன். சொன்ன பிறகும் தலையணை அடியில்தான் வைத்திருந்தார். நம்பிக்கையினாலா பயத்தினாலா என்று நான் கேட்கவில்லை.

இப்போது நான் இருக்கும் இடத்தில் வார்டு வாசலில் ஒரு சின்ன ஷெல்ஃப் வைத்துவிட்டோம். பைபிள், குர்ஆன், கீதை, வாரப் பத்திரிகை, குழந்தைகள் கதைப் புத்தகம். நடக்க முடிந்தவர் எடுப்பார், முடியாதவருக்குச் சொந்தக்காரர் எடுத்துத் தருவார். கிதியோன் சகோதரர்கள் வந்தால் அதில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன். வைத்துவிட்டுப் போகிறார்கள்.

பீளமேடு_லேத்

இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. நம் கோயம்புத்தூர் பட்டறைகளில் மிட்டுடோயோ மைக்ரோமீட்டர், வெர்னியர் தெரியாத ஆள் உண்டா? என் அப்பா வாங்கிய மைக்ரோமீட்டர் இன்னும் மரப்பெட்டியோடு என் டேபிளில் இருக்கிறது. அந்தக் கம்பெனியை 1934-ல் தொடங்கிய நுமாட்டா என்பவர் ஜப்பானில் ஒரு புத்த கோயில் வீட்டில் பிறந்தவர். புத்தர் சொன்னதை உலகத்துக்குக் கொண்டு சேர்க்கப் பணம் வேண்டும் என்றுதான் தொழிலே ஆரம்பித்தார். 1965-ல் அதற்கென்று ஒரு சங்கம் வைத்தார். அந்தச் சங்கம் புத்தரின் உபதேசங்களைத் தொகுத்து ஓட்டல் அறைகளில் இலவசமாக வைக்கிறது. ஜப்பானுக்குப் போனால் டிராயரில் பைபிளும் அதுவும் சேர்ந்து கிடப்பதைப் பல ஓட்டல்களில் பார்க்கலாம். அமெரிக்காவில் மாரியட் ஓட்டல்களில் மார்மன் சபையின் வேதமும் இருக்கும், ஓட்டலைத் தொடங்கிய மாரியட் குடும்பம் அந்தச் சபை.

நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டரை அளந்து வந்த காசில் அச்சான புத்தகம் என்று நினைத்தால் எனக்கு ஒரு மரியாதை வருகிறது. நம் ஊர் லாட்ஜ்களிலும் குறள் வைக்கலாமே. யாராவது முன்வந்தால் முதல் நூறு பிரதிக்கான காசை நான் தருகிறேன். சும்மா சொல்லவில்லை, தனிச் செய்தி அனுப்புங்கள்.

மணப்பாறை_அப்பா

ரோஸ் சிஸ்டர், உங்கள் பதிவைப் படித்துவிட்டு வெகு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உங்கள் மதத்துக்காரர்கள் செய்ததை நீங்களே எடுத்துச் சொன்னதற்கு நன்றி. பயந்து பேசாமல் இருப்பவர்களுக்காகப் பேசியிருக்கிறீர்கள்.

தாத்தா, நான் கோபமாக எழுதியது உங்களைப் பார்த்து இல்லை. ஆனால் கேள்வி உங்களுக்குத்தான். பதில் சொல்லுங்கள்.

மார்த்தாண்டம்_தாத்தா

இரண்டு நாளாக எழுதவில்லை. ரோஸ் மகள் எழுதியதை எங்கள் கேம்ப்பில் இரண்டு மூத்தவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னொருவர், இப்படிப் பார்த்தால் ஊழியமே செய்ய முடியாது என்றார். இரண்டு பேரும் என் நண்பர்கள்.

மணப்பாறைத் தம்பி, உங்கள் மகளுக்குக் கொடுத்தது எங்கள் ஆட்களா வேறு யாருமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களாகவே இருக்கலாம். நானும் பள்ளி வாசலில் நின்றிருக்கிறேன். பிள்ளைகள் ஓடி வந்து வாங்கும்போது மனம் குளிரும். அந்தப் புத்தகம் வீட்டுக்குப் போய் ஒரு பாட்டியை அழ வைத்திருக்கும் என்று நான் ஒரு தடவை கூட நினைத்துப் பார்த்ததில்லை. என்னை மன்னியுங்கள். உங்கள் அம்மாவிடமும் சொல்லுங்கள்.

சுவிசேஷத்தைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியாது. அது என் விசுவாசம், அதை மறைத்து உங்களிடம் நல்ல பெயர் வாங்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இல்லை. மத்தேயுவில் கடைசி அதிகாரத்தில் ஆண்டவர் போகச் சொல்லியிருக்கிறார், போகிறேன். ஆனால் கிதியோன் கதையிலேயே ஒன்று இருக்கிறது. அவரோடு புறப்பட்டவர்கள் முப்பத்திரண்டாயிரம் பேர். பயமும் திகிலும் உள்ளவன் வீட்டுக்குத் திரும்பிப் போகட்டும் என்று முதலில் அறிவிக்கச் சொல்கிறார் கர்த்தர். இருபத்திரண்டாயிரம் பேர் போய்விட்டார்கள். யாரையும் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. போகிறவனுக்கு வழி விட்டுத்தான் அந்தப் படை அமைந்தது. இத்தனை வருடம் அந்தப் பகுதியில் முந்நூறு பேரைப் பற்றித்தான் பேசியிருக்கிறேன், திரும்பிப் போனவர்களைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

நான் ஒருவன் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். இனி பள்ளி வாசலுக்குப் போக மாட்டேன். ஆஸ்பத்திரியில் கட்டில் அருகே போகாமல், சிஸ்டர் சொன்னது போல ஷெல்ஃப் இருந்தால் அதில் வைப்பேன், இல்லை என்றால் ஒன்று வாங்கிக் கொடுக்கக் கேட்பேன். லாட்ஜுக்கு எப்போதும் போல் போவேன். கேம்ப் மொத்தமும் இப்படிச் செய்யும் என்று வாக்குக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. அடுத்த கூட்டத்தில் பேசுவேன்.

வக்கீல்_தங்கம்_மதுரை

ஐயா, கோர்ட்டில் இத்தனை வருடம் நின்றிருக்கிறேன், எதிர்த் தரப்பு இப்படி ஒரு பதில் கொடுத்து நான் பார்த்ததில்லை. வணக்கம்.

மணப்பாறை_அப்பா

தாத்தா, அம்மாவிடம் உங்கள் பதிவை வாசித்துக் காட்டினேன். அந்தப் பெரியவர் எந்த ஊர் என்று கேட்டார். மார்த்தாண்டம் என்றேன். சின்ன வயதில் அந்தப் பக்கம் தேன் வாங்கியிருக்கிறோம் என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் இறுக்கமாக இல்லை.

மகள் இப்போது கல்லூரி. புத்தகம் பரண் மேல்தான் இருக்கிறது. வேண்டும் என்றால் அவளே எடுத்துக்கொள்ளட்டும், வேண்டாம் என்றால் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ரெப்_பழனிவேல்

செந்தில், கேட்க மறந்துவிட்டேன். அந்த மோட்டல் பைபிளைக் கூட எடுத்து வந்தீர்களா?

செந்தில்_கரூர்

இல்லை அண்ணா. எடுத்துப் போகலாம் என்று முதலாளியே சொன்னார். எனக்குப் பிறகு அந்த அறைக்கு வருகிறவருக்கு இருக்கட்டும் என்று டிராயரிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

மணியம் சொன்ன மொழி விஷயம் பற்றி ஒன்று. நான் அங்கே படித்தது ஆங்கிலத்தில். ஊருக்கு வந்த பிறகு அப்பாவிடம் அன்று ராத்திரி நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று கொஞ்சம் பயம்தான். அது தமிழில் எப்படி இருக்கிறது, காட்டு என்றார். போனில் தேடிப் படித்தேன்: "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்."

அப்பா நிறுத்தச் சொன்னார். "ஒத்தாசைன்னா போட்டிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். களத்தில் நெல் தூற்ற ஆள் பற்றாதபோது பக்கத்துக் காட்டுக்காரரை நாம் கூப்பிடும் வார்த்தையாச்சே அது என்றார். மேலே படி என்றார். காக்கிறவர் உறங்குவதுமில்லை தூங்குவதுமில்லை என்று வரும் இடத்தில் அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, அன்றைக்கு அங்கே நீயும் தூங்கவில்லையா என்று கேட்டாள்.